நெல்லுக்கு ஏது சம்பளச் சீட்டு?

கேள்வி: விவாகரத்து வழக்கு நடக்கிறது. "நான் விவசாயி, எனக்கென்ன மாதச் சம்பளமா வருகிறது?" என்கிறார் கணவர். அப்படியானால் என் ஜீவனாம்சத்தை எதை வைத்துக் கணக்குப் போடுவார்கள்?
– ஒரு வாசகி, கீழ்வேளூர்

பதில்: அவர் பேசாவிட்டால் வயல் பேசும், சகோதரி! 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் – நேஹா வழக்கில், இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் அத்தனையையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். விவசாயிகளுக்கென்றே அதில் தனிப் படிவம் உண்டு. எவ்வளவு நிலம், நன்செயா புன்செயா, என்ன பயிர், மாடு எத்தனை, கோழி எத்தனை என்பதுவரை கேட்கிறது. குறுவையும் தாளடியும் கண்ட வயலில் 'விளைச்சலே இல்லை' என்று எழுதினால், கொள்முதல் நிலையத்து நெல் பணம் ஏறிய பாஸ்புக்கை உங்கள் வக்கீல் கேட்கட்டும். பொய்ச் சத்தியத்துக்குத் தனி நடவடிக்கையும் உண்டு.

'கால் பங்கு கிடைக்கும்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 2017இல் ஒரு வழக்கில் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயம் என்றது உச்ச நீதிமன்றம். எல்லோருக்கும் அதுவே அளவு என்று சட்டம் சொல்லவில்லை. உங்கள் படிப்பு, சம்பாத்தியம், வாழ்ந்த தரம், பிள்ளைகளின் செலவு எல்லாம் எடைக்கு வரும். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு எட்டாத வருஷத்தில் அவர் வாங்கிய பயிர்க்கடன் நிஜமென்றால் அதுவும் வரும், வரத்தான் வேண்டும்.

ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு. ஆகவே இடைக்கால மனுவை அறுவடைவரை தள்ளாதீர்கள்.