பரிசீலனையார் பிடித்த ஜாகை

கலியாணத்துக்குப் பெண் தேடுகிறவர்கள்கூட ஆறு மாதம் அலைந்தபின் அலுத்துப்போய், கிடைத்த இடத்தில் தாம்பூலம் மாற்றிக்கொண்டு விடுகிறார்கள். ஆனால் சொகுசுக் கப்பலில் நாலு நாள் மிதந்துவிட்டுக் கரையிறங்கியபின், ஊருக்கு விமானம் ஏறுவதற்கு முன்னால் இரண்டே இரண்டு இரவு தலைசாய்ப்பதற்கு ஒரு விடுதி தேடுகிற மனிதர் இருக்கிறாரே, அவருக்கு அலுப்பு என்பதே கிடையாது. இந்த ரகத்து மனிதர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் தெருவில் இருப்பவருக்கு நான் 'பரிசீலனையார்' என்று நாமகரணம் செய்திருக்கிறேன். முப்பது வருஷம் அரசாங்க உத்தியோகத்தில் அமர்ந்து, வந்த கோப்புகளிலெல்லாம் 'மறுபரிசீலனைக்கு' என்று எழுதித் திருப்பி அனுப்பியே காலத்தைக் கழித்தவர். அவர்தாம் ஓய்வு பெற்றாரே ஒழிய அவருடைய பழக்கம் இன்னும் ஓய்வு பெறவில்லை.

சென்ற வருஷம் அவரும் அவருடைய தர்மபத்தினியும், நானும் என் வீட்டுக்காரியும், சிங்கப்பூரில் கப்பலேறிப் பினாங்கையும் புக்கெட்டையும் தொட்டுவிட்டு மறுபடி சிங்கப்பூருக்கே திரும்புகிற நாலு இரவுப் பிரயாணத்துக்குப் பணம் கட்டினோம். கப்பலைத் தேர்ந்தெடுக்க அவருக்கு அரைமணி நேரங்கூட ஆகவில்லை; ஏஜண்டு காட்டிய முதல் படத்தைப் பார்த்தே தலையசைத்துவிட்டார். வினையெல்லாம் அதற்குப் பிறகுதான் ஆரம்பமாயிற்று. "திரும்பி வந்ததும் ரெண்டு ராத்திரி தங்கி ஊரைப் பார்ப்போம் சார். தங்கற இடத்தை நான் பார்த்துக்கறேன். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்றார். நான் கவலைப்படவில்லை. பரிசீலனையார்கள் இவ்வுலகில் தழைத்து வளர்வதெல்லாம் என்னைப் போன்ற சோம்பேறிகளின் போஷணையால்தான் என்ற உண்மையை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

நம்மவர்கள் சிங்கப்பூருக்குக் கப்பலில் போவது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பல், ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறக்கிக்கொண்டிருந்தது. தளத்தில் பாயை விரித்துக்கொண்டு, குமட்டலுக்கு ஊறுகாயை நாக்கில் தடவிக்கொண்டு, நாட்களை எண்ணிக் கரைசேர்ந்த அந்த ஜனங்களுக்கு ஜாகை பார்க்கிற கஷ்டம் இருந்ததில்லை. ஊர்க்காரர் ஒருவர் அங்கே இருந்தால் அவர் வீட்டுக் கூடம். நகரத்தார் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் மார்க்கெட் ஸ்திரீட்டிலிருந்த கிட்டங்கி. கிட்டங்கியில் ஆளுக்கு ஒரு பெட்டகம் வைத்து ஒரு பாய் போடுகிற அளவுக்குத்தான் இடம். பகலெல்லாம் பெட்டகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து வட்டிக் கணக்கு எழுதியவர், இராத்திரியில் அதே இடத்தில் காலை நீட்டிக்கொள்வார். ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது, தலையணையில் இறகா பஞ்சா என்று அவர்கள் விசாரித்ததாகத் தெரியவில்லை. வருஷக்கணக்கில் தங்கினவர்களுக்குத் தோன்றாத இந்தக் கேள்விகளெல்லாம், இரண்டு இராத்திரி தங்கப்போகிற நம் பரிசீலனையாருக்குத் தோன்றின.

அதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, 'சிங்கப்பூர் ஜாகை' என்று தலைப்பு எழுதி, கட்டம் கட்டமாகக் கோடு கிழித்தார். பட்டியலில் முதலிடம், ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் 1887-இல் தொடங்கிய ராஃபிள்ஸ் ஹோட்டலுக்கு. அதன் பழமை அவருக்குப் பிடித்திருந்தது, வாடகை பிடிக்கவில்லை. அடுத்து, ஆற்று முகத்தில் பருத்த தூண்களோடு நிற்கிற ஃபுல்லர்டன். 1928-இல் எழுப்பிய அந்தக் கட்டடத்தில் முன்பு ஜெனரல் போஸ்டாபீஸ் இருந்தது என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "போஸ்டாபீஸ்ல காத்துக்கிடக்கறதுக்கு நான் என்னைக்காவது காசு கொடுத்திருக்கேனா சார்?" என்று கேட்டு அதை அடித்துவிட்டார். மூன்றாவது, மரினா பே சாண்ட்ஸ்: மூன்று கோபுரங்களை நிறுத்தி, அவற்றின் தலைமேல் கப்பலைத் தூக்கி வைத்தாற்போல் ஒரு தளம் அமைத்து, 57-ஆம் மாடியில் நீச்சல் குளம் வெட்டியிருக்கிறார்களே, அதுதான். படத்தை வெகு நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கப்பல்லேருந்து இறங்கி மறுபடியும் கப்பல்லயா ஏறணும்?" என்றார். அந்த நியாயத்துக்கு மறுப்புச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பெரிய இடங்கள் கழிந்தபின் நடுத்தரமானவை வந்தன. அங்கே விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் தென்பட்டன. அவற்றை ஏதோ மங்கலச் சின்னங்கள் என்று எண்ணி நான் பேசாமலிருந்தேன், பரிசீலனையாரா ஏமாறுகிறவர்? முதல் கூட்டல் நூற்றுக்குப் 10 வீதம் சேவைக் கட்டணம், இரண்டாவது கூட்டல் அந்தச் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து அதன்மேல் நூற்றுக்கு 9 வீதம் வரி என்பதை மூன்று நாள் ஆராய்ந்து கண்டுபிடித்து, 200 வெள்ளி என்று போட்டிருக்கிற அறை கடைசியில் 239 வெள்ளி 80 காசாக முடியும் என்று சில்லறை பிசகாமல் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த ஒரு கணக்குக்காக இன்றைக்கும் நான் அவரை மெச்சுகிறேன்.

ஆனால் மனிதர் அதோடு நின்றாரா? இந்தியர் வட்டாரமான தேக்கா பக்கத்தில் மலிவாக அகப்பட்ட அறைகள் பலவற்றில் ஜன்னல் இல்லை என்று தெரிந்தபோது, "ஜன்னல் இல்லாத அறையில மனுஷன் மூச்சு விடறதா?" என்று அவர் கொதித்த கொதிப்பு அடங்கப் பதினைந்து நாள் ஆயிற்று. கப்பலில் நாங்கள் நால்வரும் பணம் கட்டியிருந்ததோ, நாற்புறமும் சமுத்திரம் இருந்தும் அதில் ஒரு துளியும் கண்ணுக்குத் தெரியாத உள்ளறைக்கு. நடுக்கடலில் ஜன்னல் இல்லாமல் நாலு இராத்திரி படுக்கச் சம்மதித்தவர், நடுத்தெருவைப் பார்க்க ஜன்னல் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததன் தத்துவம் எனக்கு விளங்கவில்லை. கேட்டால் அதையும் பரிசீலிக்கத் தொடங்கிவிடுவாரோ என்று அஞ்சிக் கேட்கவுமில்லை.

கடைசியில் அவர் கண்ட வழி அபூர்வமானது. தேசப்படத்தை மேஜையில் விரித்து, கப்பல் முனையம், தேக்கா, முஸ்தபா கடை, சாங்கி விமான நிலையம் ஆகிய நான்கையும் பென்சிலால் குறித்து, நூல் பிடித்து அளந்து, எதற்கும் அதிக தூரமில்லாத மத்திய ஸ்தானம் எது என்று தேடினார். விமான நிலையம் தீவின் கிழக்குக் கோடியில் இருந்துகொண்டு நூலை இழுத்துக்கொண்டே போகவே, அதை மட்டும் நியாயம் தெரியாத இடம் என்று விலக்கிவிட்டு, மற்ற மூன்றையும் சமரசப்படுத்திப் பென்கூலன் ஸ்திரீட் ஓரத்தில் ஒரு விடுதியைப் பிடித்தார். மத்திய ஸ்தானத்தில் ஒரு விசேஷம் உண்டு: எல்லாவற்றுக்கும் சம தூரத்தில் இருக்கிற இடம் எதற்கும் பக்கத்தில் இருக்காது.

கப்பலில் ஏறியதும் பரிசீலனையார் வேறு மனிதராகிவிட்டார். எங்கே சாப்பிடுவது, எந்த ஊரை எப்போது பார்ப்பது என்று தீர்மானிக்கிற பாரம் தலையிலிருந்து இறங்கிவிட்டதால், தாயார் ஊட்டுகிற பிள்ளையைப்போல் போட்டதைச் சாப்பிட்டு, காட்டியதைப் பார்த்து, மணியடித்ததும் படுத்துக்கொண்டார். ஊர்கள் தாமே மிதந்து வந்து வாசலில் நின்றன. கடைசி நாள் மாலையில்தான் பழைய களை அவர் முகத்துக்குத் திரும்பிற்று. பெட்டிகளில் வர்ணச் சீட்டுக் கட்டி அன்றிரவே அறைக்கு வெளியே வைத்துவிட்டால், காலையில் கரையில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது கப்பல் சம்பிரதாயம். "பெட்டி ஒரு ராத்திரி முழுக்க கண்ணுக்கு மறைவா இருக்கறதா? அதெல்லாம் நடக்காது" என்று தீர்மானித்து, மறுநாள் காலையில் இரண்டு பெரிய பெட்டிகளையும் தாமே இழுத்துக்கொண்டு இறங்கினார். இந்தச் சிறு விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காலை எட்டரை மணிக்கெல்லாம் டாக்ஸி எங்களை விடுதி வாசலில் இறக்கிவிட்டது. பரிசீலனையார் ஒரு மாப்பிள்ளையின் கம்பீரத்தோடு உள்ளே போய், நோட்டுப் புத்தகத்தை மேஜைமேல் வைத்து, தம் பெயரைச் சொன்னார். அங்கிருந்த சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண் புன்னகை மாறாமல், "அங்கிள், ரூம் மூணு மணிக்குத்தான் ரெடியாகும். பேக்கெல்லாம் இங்க வச்சிட்டு வெளிய போய்ட்டு வாங்க அங்கிள்" என்றாள்.

பரிசீலனையார் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊர் நேரத்தை மாற்றுவதில் நம்பிக்கை இல்லாத அவருடைய கடிகாரத்தில் அப்போது மணி ஆறு. "மூணு மணின்னா இன்னும் ஒன்பது மணி நேரமா?" என்று அலறினார். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியிருக்கிறது என்பதை நான் நினைவூட்டி, காத்திருக்க வேண்டியது ஆறரை மணி நேரந்தான் என்றதும், இரண்டரை மணி நேரம் இலாபமாகக் கிடைத்தது போல் ஒரு க்ஷணம் சாந்தமடைந்தார். மூன்று மாத ஆராய்ச்சியில் தலையணையின் உயரம் வந்தது, குழாய்த் தண்ணீர் குடிக்கத் தக்கதா என்பது வந்தது, நம்மூர் உருண்டைக் கால் பிளக்கு அந்த ஊர்ச் சதுர ஓட்டையில் நுழையாது என்பதும் வந்தது. கப்பல் காலையில் இறக்கிவிடும், விடுதி பிற்பகலில்தான் கதவைத் திறக்கும் என்ற ஒன்று மட்டும் எந்தக் கட்டத்திலும் வரவில்லை.

பெட்டிகளை விட்டுவிட்டு வரும்படி நாங்கள் மூவரும் மன்றாடினோம். நேற்றிரவு கப்பலையே நம்பாதவர் இன்று காலை ஒரு மேஜையை நம்புவாரா? "நீங்க போய்ட்டு வாங்க. நான் பெட்டியைப் பார்த்துக்கறேன்" என்று கூடத்து சோபாவில் இருபுறமும் ஒவ்வொரு பெட்டியை நிறுத்திக்கொண்டு, துவாரபாலகர்கள் நடுவில் எழுந்தருளிய மூலவரைப்போல் அமர்ந்துவிட்டார். "என்னங்க, அப்ப நான் மட்டும் போகட்டுமா?" என்று கேட்ட அவர் மனைவி, பதில் வருவதற்கு முன்பே வாசலைத் தாண்டிவிட்டாள்.

அடுத்த தெருவான வாட்டர்லூ ஸ்திரீட்டில் திரும்பினால், கண்ணன் கோயில்! பக்கத்திலேயே சீனர்களின் குவான் இம் ஆலயம். அங்கே கும்பிட்டுவிட்டு வருகிற சீனர்கள் அதே கையோடு கண்ணன் சந்நிதியிலும் ஊதுவத்தி ஏற்றி வைத்துக் கண்மூடி நின்ற காட்சியைப் பார்த்து அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு கால்மணி நேரம் நடந்து சிராங்கூன் ரோட்டை அடைந்து, 1947-இலிருந்து நடந்துவருகிற கோமள விலாஸில் தோசையும் காப்பியும் சாப்பிட்டு, வீரமாகாளியம்மனைத் தரிசித்து, தேக்கா சந்தையில் மல்லிகைச் சரம் வாங்கிப் பெண்கள் இருவரும் சூடிக்கொண்டார்கள். அந்த ஆறரை மணி நேரத்தில், சிங்கப்பூரில் நாங்கள் பார்க்க விரும்பியதில் பாதிக்குமேல் பார்த்தாகிவிட்டது.

திரும்பி வந்தபோது பரிசீலனையார் சும்மா இருக்கவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக எதிர்ச் சாரியிலிருந்த விடுதியை அவதானித்து, அங்கே யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், லிஃப்டுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்றெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் புதிய பக்கம் தொடங்கியிருந்தார். "சார், எதிர்த்தாப்பல இருக்கறதையே எடுத்திருக்கலாம்" என்றார் துயரத்தோடு. அவர் மனைவி கோயில் குங்குமத்தை நெற்றியில் இட்டுவிட்டு, கண்ணன் கோயிலைப் பற்றிச் சொன்னாள். ஒரு கணம் திகைத்தார், மறுகணம், "பின்னே எதுக்காக இந்த இடத்தைப் பிடிச்சேன்னு நினைச்சே?" என்றார்.

மூன்று மணிக்கு அறை கிடைத்தது. ஜன்னல் இருந்தது; வெயில் அடிக்கிறது என்று அவரே திரையை இழுத்து மூடினார். இரண்டு இரவும் அந்தத் திரை திறக்கவில்லை. தலையணை உயரம் என்று கீழே வைத்துவிட்டுக் கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கினார். அந்தத் தூக்கம் கிட்டங்கியின் பாயிலும் வந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கப்பல் பிரயாணம் முடிந்து ஒரு பட்டணத்தில் இரண்டு இரவு தங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அறை எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள்; அதுவரை பெட்டியை எங்கே வைப்பது என்று கேளுங்கள்; காலாற நடந்தால் எட்டுகிற தூரத்தில் நல்ல காப்பி உண்டா என்று கேளுங்கள். நாலாவது கேள்வி ஒன்று மனத்தில் எழுந்தால், அதைக் கேட்காமல் தூங்கப் போய்விடுங்கள். ஆனால் பரிசீலனையாரைப் போன்ற ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால் அவரைக் கண்டிப்பாக உடன் அழைத்துக்கொண்டு போங்கள். அடுத்த வருஷப் பிரயாணத்துக்கு அவர் இப்போதே புது நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டார். நாங்களும் அவரோடுதான் போகப்போகிறோம். பெட்டிக்குக் காவலிருக்க நம்பிக்கையான ஆள் வேண்டாமா?