வார்னிங்குதானே போத்தி!

மார்கழியில சுசீந்திரம் தேருக்குன்னு லீவு போட்டு வந்தவன், மட்டுப்பாவுல உக்காந்து லேப்டாப்பை மொறைச்சிட்டு இருக்கே. கேட்டா, "சும்மா வார்னிங்குதான் போத்தி, போர்டு ஓடுது"ங்குதே. கொள்ளாம்டே மக்கா!

நீ சொன்ன கதைதான். ஆர்ம் சிப்புக்காரங்க போர்டுக்கொரு சி கோப்பை லினக்ஸ் கெர்னலுக்குள்ள தள்ளித் தள்ளி, 2011 மார்ச்சுல லினஸ் டோர்வால்ட்ஸ் வாய்க்கு வந்தபடி வஞ்சாராமே. பொறவுதான் அவங்களும் டிவைஸ் ட்ரீக்கு வந்தது. எந்த உறுப்பு எந்த முகவரியில, எவ்வளவு நீளம், எந்த இன்டரப்ட், எல்லாம் தனிக் கோப்புல. வயலுக்குப் பிரமாணம் எழுதுற மாதிரி: நாலெல்லை, அளவு, தண்ணி வர்ற மடை.

நீ என்ன செய்தே? முதல் சீரியல் போர்ட்டு யூஆர்ட்டை அப்படியே காப்பியடிச்சு ரெண்டாவதுக்கு ஒட்டினே. 10010000-ஐ 10011000 ஆக்கினே. பேருலயும் மாத்தினே, முகவரி எழுதுற ரெக்குலயும் மாத்தினே. மிடுக்கன்தான். இன்டரப்ட் மட்டும் பழைய 4. மேனுவல்ல 5-ன்னு கெடக்கு. ரெண்டாவது போர்ட்டுல தட்டினது ஒண்ணும் வரலேன்னு ராத்திரி பூரா கேபிளை மாத்திப் பாத்தியே, சவத்துக் கேபிள் என்னலே செய்யும்?

"டிடிபிஎஸ்-செக் இதைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே"ங்காதே. அது யாமல் ஸ்கீமாவை வச்சு, இன்ன பேரு இருக்கா, இத்தனை எண்ணு இருக்கான்னு பாக்கும். வரப்புல எறங்கி மடையைப் பாக்குமா? அது சொல்லுததையாவது கேளு. நீ தள்ளிவிட்ட வார்னிங்குக் குவியலுக்குள்ள, உள்ளபடியே வினையான ஒண்ணு கெடந்தா உன் கண்ணுல படுமா?

இன்னொண்ணு. ஐஐடி மெட்ராஸ் சக்தி சிப்புல 2018-லயே லினக்ஸ் ஓடிச்சுன்னு பீத்தினியே, ஓர்மை இருக்கா? அந்த ரிஸ்க்-ஃபைவ் சாதியில பூட்லோடர் டிடிபி, அதான் கம்பைல் ஆன டிவைஸ் ட்ரீ, இருக்குற எடத்தை ஏ1 ரெஜிஸ்டர்ல வச்சுக் குடுத்துட்டுப் போயிரும். கெர்னல் அதை நம்பித்தான் கண்ணு முழிக்கும். டிடிபி போர்டோட ஊருக்குப் போன பொறவு, எந்த டிரைவர்னு காட்டுற கம்பாட்டிபிள் பேரு அழகா இல்லேன்னு நீ டிரைவருல மாத்தினா, பழைய போர்டு யாரைத் தேடும்? பழைய பேரு அங்கயே கெடந்துட்டுப் போட்டும், புதுசைப் பக்கத்துல சேரு. அழகு பாக்க உனக்கு வேற எடமா இல்ல?

செரி, அந்த 4-ஐ 5 ஆக்கிட்டு எறங்கி வா, தேரு நெலைக்கு வந்திரும். மேனேஜர் கேட்டா நீயே கண்டுபிடிச்சேன்னு சொல்லிக்கோ. சம்பளம் வந்ததும் போத்திக்கு வெத்திலைக்குக் குடுத்தாப் போதும்.