சவாலான வண்டி தேடுத காளை

ஏலே பேராண்டி, அந்தப் பயோடேட்டாக் காயிதத்த இங்கன கொண்டா. நெட் சென்டர்க்காரன் போட்டோவுல ஒரு கோட்டுக்குள்ள ஒன்னைய நொழைச்சு வச்சிருக்கான் பாத்தியா? கோட்டு ஒந்தோளத் தாண்டி ரெண்டு இஞ்சு வெளிய நிக்குது. அப்பன் பேரு, பொறந்த தேதி, ரத்த குரூப்பு, பாஸ்போர்ட் நம்பரு, 'திருமணம் ஆகவில்லை'. நட்சத்திரம் ஒண்ணுதான் பாக்கி. அதையும் போட்டிருந்தா நானே நாளைக்குப் பொண்ணு பாக்கக் கெளம்பிருவேன்.

சிரிக்காத. மில்லு கேட்டுல, டைம் ஆபீஸ்ல காலத்த ஓட்டுனவன் நான். வேல கேட்டு வார மனு அம்புட்டும் எங்கையத் தாண்டித்தான் மேனேஜர் மேசைக்குப் போவும். காபி ஆறுததுக்குள்ள மனுசன் ஒரு கட்டத் தள்ளிருவாரு. இந்தப் பயலுக்கு என்ன செய்யத் தெரியும், அத எங்கயாவது செஞ்சு பாத்திருக்கானா, இதத்தான் தேடுவாரு. ரத்த குரூப்பப் பாத்து ஒருத்தனையும் எடுத்ததில்ல.

மேல என்னமோ எழுதிருக்கியே, படி. 'புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றில் என் திறமையை வளர்த்துக்கொள்ளச் சவாலான பணியைத் தேடுகிறேன்.' நல்லாத்தான் இருக்கு. ஒங்கூடப் படிச்ச பயலுவ எல்லாவனும் இதத்தான வச்சிருக்கானுவ? மேலப்பாளையம் மாட்டுச் சந்தைக்குப் போயிப் பாரு. எந்தக் காளையாவது 'சவாலான வண்டி தேடுதேன், என் கொம்ப வளக்க வாய்ப்புக் குடுங்க'ன்னு நிக்குதா? வாங்க வந்தவன் பல்லப் புடிச்சுப் பாப்பான், நடக்கவிட்டுப் பாப்பான், போன வருசம் எத்தன குறுக்கம் உழுதுச்சுன்னு கேப்பான். அந்த வரிய அடிச்சுட்டு, 'இ.இ.இ. முடிச்சவன், மோட்டார் பேனல் வேல தெரியும், பராமரிப்புப் பிரிவுல சோலி வேணும்'னு எழுது. தேடுதவனுக்கும் நேரம் மிச்சம்.

இது என்ன நீலக் கோடு? பைத்தான் எண்பது சதவீதமா? மிச்சம் இருவத எங்க வச்சுட்டு வந்த? எண்பதுன்னு அளந்தது யாரு, வி.ஏ.ஓ.வா? ஜாவா எழுவது, சி பிளஸ் பிளஸ் எழுவத்தஞ்சு. கோட்ட நம்பி ஒருத்தன் ரெண்டு கேள்வி கேட்டான்னு வையி, அங்கனயே வேத்து ஊத்திரும். எத வச்சு ஒரு வேலையாவது முடிச்சிருக்கியோ, அந்தப் பேரு மட்டும் இருக்கட்டும்.

இப்பம் ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு வருவோம். 'ஐ.ஓ.டி. மூலம் ஸ்மார்ட் நீர்ப்பாசனம்'. மதுரையில காசு குடுத்து வாங்குனதுதான? ரிப்போர்ட்டுல வேற ஏதோ காலேஜ் பேரு அழியாம இருந்துச்சே, நான் பாக்கலன்னு நெனச்சியாக்கும். ஆனா நம்ம தோட்டத்துல நட்டு வச்சப்பம் என்ன ஆச்சு? ரெண்டு கம்பி மண்ணுக்குள்ள நிக்குத சென்சாரு, கரண்டு பாஞ்சு பாஞ்சு கம்பிய அரிச்சுத் தின்னுட்டு. நீதான் ராவும் பகலுமா ஒக்காந்து, காரணத்தக் கண்டுபிடிச்சு, உலோகம் மண்ணுல படாத கெப்பாசிட்டிவ் சென்சாரா மாத்துன. வாங்குனத விட்டுரு, மாத்துனத எழுது. எதுக்கு அரிச்சுது, எத மாத்துன, பொறவு எத்தன நாள் ஓடிச்சு. இத எவன் கேட்டாலும் தூக்கத்துல எழுப்பி விட்டாக்கூடச் சொல்லிருவல்லா?

பால் சொசைட்டி சங்கதி எங்கல, காணுமே? காலேஜ் லீவு விட்டா அங்கதான கெடப்ப? பால்ல கொழுப்பு எம்புட்டு, கொழுப்பு போக மிச்சச் சத்து, அதான் எஸ்.என்.எஃப்., எம்புட்டுன்னு ஆளுக்கொரு வரி நோட்டுல இருக்கும். பட்டுவாடா வந்துட்டா செக்ரட்டரி ரெண்டு நா ராத்திரி கண்ணு முழிச்சுக் கணக்குப் போடுவாரு. நீ எக்செல்ல சூத்திரம் போட்டுக் குடுத்த. இப்பம் சாயங்காலம் தட்டுனா ராச்சோத்துக்குள்ள பட்டியல் வந்துருது. எத்தன உறுப்பினர், முன்ன எம்புட்டு நேரம், இப்பம் எம்புட்டு நேரம், மூணையும் போடு. என்ன சொன்ன? பால் சொசைட்டின்னு எழுதுனா கேவலமாவா? கோட்டிப் பய. கிரிக்கெட் பாப்பேன், பாட்டுக் கேப்பேன்னு பொழுதுபோக்குல எழுதிருக்க, அது மட்டும் கவுரவமாக்கும்!

லைப்ரரியில ஒரு சங்கதி படிச்சேன். மோனாலிசா படம் போட்டாருல்லா டாவின்சி, அவரும் 1482 வாக்குல வேல கேட்டுக் காயிதம் எழுதிருக்காரு, மிலான ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ட்சாவுக்கு. அந்த ஆளுக்கு அப்பம் சண்ட நேரம். இவரு தூக்கிட்டுப் போற லேசான பாலம் கட்டுவேன், அகழித் தண்ணிய வத்த வைப்பேன், பீரங்கி செய்வேன்னு வரிசையாச் சொல்லிட்டு, சமாதான காலம் வந்தாக் கட்டடம், சிலை, படம் எல்லாம் வரும்னு கடைசியிலதான் சொல்லுதாரு. படம் போடுதவரு படத்தக் கடைசியில வச்சாரு பாத்துக்க. வெளம்பரத்துல அவன் என்ன கேக்கானோ, அதுல ஒனக்குத் தெரிஞ்சத மேல தூக்கி வையி. கம்பெனிக்குக் கம்பெனி இத மாத்தணும், ஒரே காயிதத்த ஊரெல்லாம் எறைக்காத. இன்னொண்ணு, இப்பம் கெடைக்குத அந்தக் காயிதம் அவரு கையெழுத்தே இல்லியாம், வேற ஆளு எழுதுனது. நீயும் அனுப்புததுக்கு முன்ன இங்கிலீஷ் வாத்தியாருகிட்ட ஒருக்காக் காட்டு. மேனேஜ்மென்ட்டுல ஒரு எழுத்தக் காணும்.

மெட்ராஸ்ல ஆள் எடுக்குத சோலி பாக்காளே ஒங்க சித்தி மக, அவ சொன்னா, இப்பம் பெரிய கம்பெனியில முத வடிகட்டுதது சாஃப்ட்வேராம். கட்டம், ரெண்டு பத்தி, படத்துக்குள்ள எழுத்து இதெல்லாம் வந்தா அது கொழம்பிருமாம். பூ பார்டர எடுத்துரு. போன் நம்பரத் தலைப்பு ஓரத்துல ஒளிச்சு வைக்காத. ஒரு பக்கம் போதும், டிகிரி மேல, பத்தாங்கிளாஸ் கீழ. வெளம்பரத்து வார்த்தையெல்லாம் வெள்ளை எழுத்துல வெள்ளைக் காயிதத்துக்குள்ள பதுக்கி வைக்கச் சொல்லி ஒங்கூட்டாளி யோசன சொன்னானாமே? அவனுக்கு வேல கெடைச்சிட்டான்னு கேட்டியா?

மார்க்கு கொறைவா? விசாரிச்சா மழுப்பாமச் சொல்லு. ஒண்ணக் கூட்டிப் போட்டுராத, பொறவு சர்ட்டிபிகேட்டச் சரி பாப்பானுவ. அடியில 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை'ன்னு எழுதிக் கையெழுத்து வேற போட்டிருக்க. அது பைத்தான் எண்பதுக்கும் சேத்தா?

சரி, விசாரிக்க ஆள் பேரு கேட்டா சொசைட்டி செக்ரட்டரியச் சொல்லு. அதுக்கு முன்ன அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுரு. கேக்காமப் போட்டா, போன் வந்ததும், 'அந்தப் பயலா? பால்ல தண்ணின்னு எங்கிட்டயே சண்டைக்கு வந்தவன்லா'ம்பாரு. கேட்டுட்டுப் போட்டாலும் அதையேதான் சொல்லுவாரு. சொல்லட்டும்.