கிலோ என்ன விலை?

காய்கறிக் கடையில் கால் கிலோ குறைத்து வாங்கினால் காசு மிச்சம். லேப்டாப் கடையில் கால் கிலோ குறைத்துக் கேட்டால் இருபதாயிரம் கூடுதல். இந்த நியாயம் புரியவே எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. கொடுக்கிற காசுக்குக் கனமாக ஏதாவது கையில் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிற குடும்பம் எங்களுடையது.

எழுதுவதற்கு லேசாக ஒரு லேப்டாப் வேண்டும் என்று நான் வாயைத் திறந்த ஊர் வல்லக்கோட்டை. ஏழடி முருகனைப் பார்க்கக் கிருத்திகைக்குக் கூட்டம் அலைமோதுகிற ஊர்தான். மற்ற நாட்களில் இது கம்பெனி பஸ் ஊர். ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், மறுபக்கம் ஒரகடம். இரண்டு வீட்டுக்கு ஒருவர் ஏதோ ஒரு ‘லைனில்’ நிற்கிறார். கார், புல்லட், டிவி, செல்போன் எல்லாம் சுற்றுவட்டாரத்திலேயே உருவாகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் 2007 முதல் டெல் கம்ப்யூட்டர் தயாரிக்கிறது. எச்.பி.க்காக ஃப்ளெக்ஸ் கம்பெனி 2021-லிருந்து அங்கேயே லேப்டாப் செய்கிறது. ஆக, ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொருவரும் தான் நிற்கிற இடத்திலிருந்து சொல்கிறார்கள், அதுதான் சிக்கல்.

ஸ்க்ரூ முடுக்குகிற தம்பி, “அடியில எத்தன ஸ்க்ரூன்னு எண்ணிப் பாத்துட்டு வாங்குண்ணா” என்றான். எத்தனை இருந்தால் நல்லது என்று கேட்டேன். அது அவன் ஸ்டேஷன் இல்லையாம். பேக்கிங்கில் இருப்பவர் அட்டைப்பெட்டியோடு சேர்த்து எடை சொன்னார். பெட்டியைக் கழித்தால் எவ்வளவு என்றால், “பெட்டி இல்லாம நான் பாத்ததே இல்ல சார்” என்கிறார். குவாலிட்டியில் இருக்கும் பெண் எந்த மாடலைச் சொன்னாலும் முகத்தைச் சுளித்தாள். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவளிடம் நல்லதைக் கேட்டது என் தப்பு. டீக்கடைக்காரர் மட்டும் தெளிவாக இருந்தார். நோக்கியா ஆலை 2014-ல் மூடும்வரை அங்கே வேலை பார்த்தவர். “உன் எழுத்துக்குப் பட்டன் போனே போதும்பா” என்றார். என்னை அவர் படித்திருக்கிறார் என்பதே அன்றுதான் தெரிந்தது.

எனக்கு எடை ஏன் முக்கியம் என்றால், நான் எழுதுவது பாதி பஸ்ஸில். ஒரகடத்தில் ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் தாம்பரம் பஸ் ஏறிப் பாருங்கள். பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு படப்பை வரை நின்றால், ஒவ்வொரு நூறு கிராமும் தன் பெயர் சொல்லித் தோளில் கூப்பிடும்.

அதுவரை நான் வைத்திருந்தது அக்கா மகன் பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா தொடங்கிவைத்தாரே, அந்தத் திட்டத்தில் வந்தது. மூடியில் முதலமைச்சர் படம். நான் திறந்தால் அவர் எதிர் சீட்டைப் பார்ப்பார். ஒரு பெரியவர் என்னை ஏதோ அரசு ஊழியர் என்று நினைத்து, முதியோர் பென்ஷன் மூன்று மாதமாக வரவில்லை என்று சுங்குவார்சத்திரம் வரை முறையிட்டுக்கொண்டே வந்தார். நான் அப்போது நகைச்சுவைக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அவரைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை, கட்டுரைக்கும் வரவில்லை.

அந்த லேப்டாப்பை ஒரு நாள் மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். கடைக்காரர் கூச்சப்படாமல், “பையோட போடணுமா, பை இல்லாமலா?” என்றார். இல்லாமல் இரண்டு கிலோ முந்நூறு. பையும் அடாப்டரும் சேர்ந்ததும் மூன்றைத் தாண்டியது. விளம்பரத்தில் எந்தக் கம்பெனியும் அடாப்டரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மாப்பிள்ளைக்குச் சம்பளம் சொல்லும்போது கடனைச் சொல்லாத தரகர் வேலை அது.

லேசான சரக்கு உலகத்தில் இல்லாமலில்லை. ஜப்பானில் ஃபுஜிட்சு 634 கிராமில் ஒன்று செய்தது. ஆப்பிள் 2015-ல் 920 கிராமில் ஒரு மேக்புக் கொண்டுவந்தது. அதை மெலிதாக்க, விசைகளை அழுந்தியும் அழுந்தாததுமாக அமைத்தார்கள். இடுக்கில் தூசி புகுந்தால் விசை மக்கர் செய்தது. ஊர் ஊராகப் புகார் கிளம்பி, 2020-க்குள் அந்த அமைப்பையே கைவிட்டார்கள். கலிஃபோர்னியாத் தூசிக்கே தாங்காதது, கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் எங்கள் ரோட்டுக்கு வந்திருந்தால் வல்லத்தைத் தாண்டுவதற்குள் ‘க’ எழுத்தைப் பறிகொடுத்திருப்பேன்.

என் கட்சி விசைப்பலகைக் கட்சி. பிராசசர், கிராபிக்ஸ் எல்லாம் எனக்கு வேண்டாத சொத்து. 1983-ல் டிஆர்எஸ்-80 மாடல் 100 என்று ஒன்று வந்தது. திரையில் எட்டே வரி, சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற பேட்டரி நாலு, எடை ஒன்றரைக் கிலோவுக்குள். அமெரிக்க நிருபர்கள் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்து செய்தி அனுப்பினார்கள். அதற்கும் முன்னால், யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா போன ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப்பொறி அமைத்தார். மேசையில் வைக்கும் பெரிய பொறியோடு நிறுத்தாமல், தூக்கிப்போக ‘பிஜோ’ என்று சின்னதாகவும் ஒன்று வந்தது. 247 எழுத்தை அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடக்கியவரை நினைத்தால், எட்டு ஜிபி ராம் போதுமா என்று கவலைப்படுவதற்கு வெட்கமாக இருக்கிறது.

இந்த ஞானத்தோடு ரிச்சி தெருவுக்குப் போனேன். எங்கள் பக்கத்து ஊரில் செய்த பெட்டியை வாங்க நாற்பது கிலோமீட்டர் தாண்டி அண்ணா சாலை வரை போகிறோமே என்று வருத்தம்தான். கம்பெனி கேட்டில் சில்லறை வியாபாரம் கிடையாதாம், விசாரித்துவிட்டேன்.

கடைப் பையன், “கேமிங்கா சார், எடிட்டிங்கா?” என்றான்.

“எழுத.”

“அப்போ ஆபீஸ் வொர்க்.”

“ஆபீஸ் இல்லைப்பா.”

அவன் முகத்தில் இரக்கம் தெரிந்தது. விலை குறைந்த அலமாரிப் பக்கம் அழைத்துப்போனான்.

நான் ஒவ்வொன்றிலும் நோட்பேடைத் திறந்து, தமிழ்99 போட்டு, ‘வல்லக்கோட்டை’ என்று அடித்துப் பார்த்தேன். நல்ல பரீட்சை அது. ‘ல’வை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழும், ‘க’வும் அப்படியே. விசை தடுமாறினால் அங்கே தெரிந்துவிடும். புத்தம்புதுப் பெட்டிகள் பல அட்டையில் தட்டுகிற மாதிரி இருந்தன. கடைசியில் ஏதோ ஆபீஸ் கழித்துப்போட்ட செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்றில் விரல் நின்றது. பன்னிரண்டரை அங்குலத் திரை, விசைகள் ஆழமாக இறங்கி எழுந்தன. அதை எடை போடத் தராசு கேட்டேன். “சார், இது கறிக்கடையா?” என்றான். கையிலேயே தூக்கிப் பார்த்து, அடாப்டரோடு இரண்டு கிலோவுக்குள் என்று முடிவுகட்டி வாங்கிவிட்டேன். ‘கேமிங்’ என்று எழுதியிருந்ததில் பாதி விலைகூட இல்லை.

ஊர் வந்து சேருவதற்குள் செய்தி போய்விட்டது. சாயங்காலமே ஸ்க்ரூ தம்பி வாசலில் நின்றான். வேறு கம்பெனியில் இண்டர்வியூவாம், ஒரு பயோடேட்டா அடித்துத் தர வேண்டுமாம். எழுதத் தொடங்கிய நாவலை மூடிவிட்டு உட்கார்ந்தேன். பெயர், அப்பா பெயர், ஐடிஐ, அனுபவம் எல்லாம் முடிந்து ‘பொழுதுபோக்கு’ என்ற இடம் வந்தது.

“புக்ஸ் படிக்கிறதுன்னு போடுண்ணா.”

“என்ன புக்ஸ் படிப்பே?”

“அதையெல்லாம் கேக்க மாட்டாங்கண்ணா” என்றவன், கொஞ்சம் யோசித்துவிட்டு, “கேட்டா உன் பேரச் சொல்லிக்கிறேன்” என்றான்.