பூட்டிய நிழலுக்கு நன்றி

பெறுநர்: எங்கள் பகுதிப் பூங்காவுக்கு நேரம் குறித்தருளிய உயர்திரு அதிகாரி அவர்கள், சென்னை.

பொருள்: கோடை விடுமுறையில் பூங்காவைக் குழந்தைகளிடமிருந்து காப்பாற்றியமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா,

மேற்காணும் பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருவது:

காலை 5 முதல் 10 வரை, மாலை 4 முதல் 8 வரை என்று வாசல் பலகையில் எழுதி வைத்திருக்கிறீர்கள். நாங்கள் பத்தே காலுக்கு வந்து நின்றோம். ஏழு வயது மகள், நாலு வயது மகன், தயிர்சாத டப்பா, தண்ணீர் பாட்டில், கண்டதையெல்லாம் பொறுக்கிப் போட ஒரு துணிப்பை. உள்ளே வேம்பும் புங்கையும் அடர்ந்து நின்றன. தெருவில் இருக்கவேண்டிய நிழலையெல்லாம் ஒரு சுவருக்குள் வளர்த்து, வெயில் ஏறும் நேரம் பார்த்துப் பூட்டி, வெயில் தாழ்ந்ததும் திறந்துவிடும் இந்த நிர்வாக நுட்பம் யாருக்கு வரும்?

பிள்ளைகள் வெயிலில் வாடக் கூடாது என்ற கருணைதான் காரணம் என்று வாட்ச்மேன் அண்ணன் விளக்கினார். தார் ரோட்டில் நின்றபடி கேட்டுக்கொண்டோம். கத்திரி வெயில் மே 4-இல் தொடங்கி 28-இல் முடியும் என்கிறது பஞ்சாங்கம். ஆனால் 2003-இல் இந்நகரில் 45 டிகிரி கொளுத்தியதோ மே 31 அன்று. சூரியனே அட்டவணையை மதிக்காத ஊரில் தங்கள் பூட்டு ஒன்றுதான் நேரம் தவறுவதில்லை.

காலையிலேயே வந்திருக்கலாமே என்பீர்கள். காலை வேளை எட்டு போடும் பெரியவர்களுடையது. சர்க்கரை குறைய அவர்கள் எட்டு வடிவக் கூழாங்கல் பாதையில் நடந்துகொண்டிருக்கையில், குறுக்கே ஒரு நாலு வயது ஓடினால் எட்டு ஒன்பதாகிவிடும். மாலையிலோ ஊஞ்சல் இரண்டு, பிள்ளைகள் ஒரு தெரு. ஆடி முடிப்பதற்குள் விசில் ஊதிவிடுகிறார்கள். வண்டலூர் விலங்குகளுக்குக்கூட வாரத்தில் செவ்வாய் ஒரு நாள்தான் பார்வையாளர் தொல்லை கிடையாது. தங்கள் ஊஞ்சலுக்குத் தினமும் பகலிலேயே ஆறு மணி நேரம் ஓய்வு. கொடுத்துவைத்த ஊஞ்சல்.

மகள் இப்போதுதான் எழுத்துக்கூட்டாமல் படிக்கப் பழகியிருக்கிறாள். கம்பி வழியே தெரிந்த இன்னொரு பலகையை உரக்கப் படித்தாள். புல்தரையில் நடக்காதீர். பூக்களைப் பறிக்காதீர். பந்து விளையாடாதீர். சைக்கிள் ஓட்டாதீர். மரம் ஏறாதீர். உணவு கொண்டுவராதீர். சத்தம் போடாதீர்.

“அப்ப உள்ள போய் என்னம்மா பண்ணணும்?”

“நடக்கணும்.”

“எங்க?”

“எட்டு மேல.”

நல்லவேளை பூட்டியிருக்கிறது என்று அவளே சொல்லிவிட்டாள். தங்கள் கொள்கைக்குக் கிடைத்த முதல் ஆதரவாளர்.

தம்பிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. உள்ளே குப்பைத்தொட்டிப் பென்குவின் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறதல்லவா, அதற்குத் தாகமாம். குடிநீர்க் குழாய் அதற்குப் பக்கத்திலேயேதான் இருக்கிறது, ஆனால் அது திறப்பு விழாக் கல்வெட்டுக்குத் துணையாக வைத்த குழாய் என்பதை அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

பிறகு சுவரோரமாகவே நடந்தோம். ஊர்சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர்களுக்கு ஒரு சுவராவது கிடைத்ததே. தங்கள் மாமரம் ஒன்று அனுமதி பெறாமல் ஒரு கிளையை வெளியே நீட்டியிருக்கிறது. அதில் முசுறுகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஒரு வரிசை எறும்புகள் இரண்டு இலைகளின் விளிம்பைக் கடித்து இழுத்துப் பிடிக்க, வேறு சில தம் புழுக்களை வாயில் கவ்வி வந்து, இலைக்கு இலை மாற்றி மாற்றி ஒற்றி எடுத்தன. புழு விடும் பட்டு நூல்தான் தையல். பிள்ளைகள் தயிர்சாதத்தை மறந்து அரை மணி நேரம் அண்ணாந்து நின்றார்கள். “அதோட பாப்பாவும் வேலை செய்யுது பாரு” என்றாள் மகள். இதைத் தாங்கள் விசாரிக்கவேண்டும். சின்னதுகளையும் பயனுள்ளவையாகக் கருதும் ஒரு நிர்வாகம் தங்கள் மாமரத்திலேயே இயங்குகிறது.

ஐ.நா. சபை 1989-இல் நிறைவேற்றிய குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, குழந்தைக்கு விளையாடும் உரிமை உண்டு என்கிறது. 1992-இல் இந்தியாவும் அதை ஏற்றது. அத்தனை நாட்டு அறிஞர்கள் கூடி எழுதியும், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று குறிக்க மறந்துவிட்டார்கள். அந்த ஓட்டையை அடைத்தவர் தாங்கள். ஜெனீவாவுக்கு ஒரு பூட்டை மாதிரிக்கு அனுப்பிவைக்கலாம்.

திறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. சுவருக்கு வெளியே இரண்டு வேப்பங்கன்று நட்டு, அவற்றுக்குப் பூட்டு போடாமல் விட்டால் போதும். கன்று வளர்வதற்குள் இவர்களும் எட்டு போடும் வயதுக்கு வந்துவிடுவார்கள். அப்போது காலை 5 மணிக்கே வருவோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசலுக்கு வெளியே நிற்கும் ஒரு தாய்

பின்குறிப்பு: முசுறு ஒன்று காலில் ஏற, மகன் உதறியதில் அவனுடைய இடது செருப்பு சுவரைத் தாண்டிப் புல்தரையில் விழுந்துவிட்டது. புல்லில் நடக்காமல் அதை எடுப்பதற்கான விண்ணப்பப் படிவம் எந்தக் கவுன்டரில் கிடைக்கும்?