பல்லு ஒனக்கா, ஒம் மகனுக்கா?

ஏளா, பல்லு ஒனக்கா, ஒம் மகனுக்கா? போனை எடுத்ததுல இருந்து நீதான் மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்க. அவன் அடுத்த ரூம்ல டிவி பாத்துச் சிரிக்கது சென்னையில இருந்து இங்க கோயில்பட்டி வரைக்கும் கேக்கு. சத்தப் பொறு, வாயில கிராம்பு கெடக்கு, ஒதுக்கிக்கிடுதேன்.

ம், இப்பம் சொல்லு. மேல்வாய் முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல, கூம்பு மாதிரி வேண்டாத பல்லு ஒண்ணு முட்டிக்கிட்டு நிக்கி. விட்டுவச்சா நல்ல பல்லு ரெண்டையும் தள்ளிவிட்டுரும்னு எக்ஸ்ரே பாத்துட்டுச் சொல்லிட்டாக. ஈறைக் கொஞ்சம் கீறி அதை எடுத்துட்டு ரெண்டு தையல் போடணும். வெள்ளிக்கெழமை காலையில பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காக. இவ்வளவுதான? இதுக்கா மூணு நாளாத் தூங்கலைங்க? மாப்பிள்ளை என்னடான்னா பல்லறுக்கிற வீடியோவாத் தேடித்தேடிப் பாத்துட்டுத் தலையைச் சுத்துதுன்னு படுத்துட்டாராம். நல்லவேளை, அந்தப் பல்லு அவருக்கு மொளைக்கல.

பிள்ளைக்குப் பயம் எங்க இருந்து வந்துச்சுன்னு என்னையவா கேக்க? நீ சோறு ஊட்டுன லெச்சணத்தை நான் பாத்திருக்கேன்லா. ரெண்டு வாய் வாங்கலேன்னா டாக்டர் மாமா ஊசி போட்டுருவாரு. பால் குடிக்கலையா, ஊசி. தூங்கலையா, ஊசி. கரண்டு போனாக்கூட ஊசிக்காரர் வந்துருவாருன்னு சொன்ன ஆளு நீ. எட்டு வருசமா அந்த மனுசரைப் பூச்சாண்டியாக்கி வீட்டுக்குள்ள உலாத்த விட்டுட்டு, வெள்ளிக்கெழமை அவரு முன்னாலயே போயி ஆன்னு வாயைத் தெறந்து உக்காருன்னா, அவன் என்ன மடையனா? பய வெவரமானவன், நம்ம வம்சம். அதான் பயப்படுதான்.

அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீ நெனைச்சுக்கிட்டு இருக்க. நீ ஒந் தங்கச்சிக்குப் போன் போட்டுக் குசுகுசுன்னு அழுததெல்லாம் அவன் காதுல விழுந்துட்டு. நேத்து நீ குளிக்கப் போன நேரத்துல ஒம் போனை எடுத்து எனக்கு அடிச்சான். மூணு கேள்வி கேட்டான். "தாத்தா, அம்மா கூடவே இருப்பாளா?" இது ஒண்ணு. "தையல் நூல் என்ன கலரு?" இது ரெண்டு. மூணாவதுதான் மூலக்கேள்வி: "தப்பா நல்ல பல்லைப் புடுங்கிட்டா என்ன செய்ய?" பாத்தியா! வலியைப் பத்தி வாயே தெறக்கல. நீ அவன்கிட்ட வலிக்காது வலிக்காதுன்னு ஓதிக்கிட்டு இருக்க, அவன் கணக்கு வேற. அந்த எக்ஸ்ரேயை வெளிச்சத்துல வச்சு, எது வாடகைக்காரன், எது வீட்டுக்காரன்னு டாக்டரம்மாவையே காட்டச் சொல்லு. அத்தோட பயத்துல பாதி எறங்கிரும்.

"வலிக்கவே வலிக்காதுடா செல்லம்"ங்கிற பொய்யை மட்டும் சொல்லிராத. எனக்கு ஏழு வயசுல ஒரு சொத்தைப் பல்லு. எங்க மாமா, "வாடே, சட்டைத்துணி எடுக்கப் போவோம்"னு கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனாரு. நான் சிவப்புக் கட்டம் போட்ட துணி எடுக்கணும்னு வழி பூராம் சொல்லிக்கிட்டே போனேன். உள்ள போனா ஜன்னல்ல கம்பி, ஒரு நாற்காலி, பீங்கான் கிண்ணம். சட்டைக்கு அளவெடுக்க வாயை எதுக்குத் தெறக்கச் சொல்லுதாகன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே ஒருத்தரு தலையப் புடிச்சாரு, இன்னொருத்தரு காலைப் புடிச்சாரு. பல்லு போன புண்ணு நாலு நாள்ல ஆறிட்டு. மாமா மேல இருந்த கோவம் ஆறல. எங் கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி எடுக்க அவரு கூப்பிட்டப்பவும் வாயை இறுக்கி மூடிக்கிட்டுத்தான் கடைக்குள்ள ஏறுனேன்.

உள்ளதைச் சொல்லு, அளவாச் சொல்லு. மொதல்ல ஈறுல மருந்து தடவி மரத்துப்போக வைப்பாக. பொறவு ஊசி. வெளிப்பக்கம் எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். மேலண்ணத்துல போடுறது மட்டும் கொஞ்சம் நல்லாவே சுருக்குங்கும், அதை மறைக்காத. கொஞ்ச நேரத்துல உதடு இட்லி கணக்கா உப்புன மாதிரி தோணும், கண்ணாடியில பாத்தா பழைய உதடுதான் இருக்கும். முக்கியமான ஒண்ணு கேட்டுக்கோ: மருந்து வலியைத்தான் எடுக்கும், அமுக்குறதையும் ஆட்டுறதையும் எடுக்காது. அமுக்குறது தெரியும், நறுக்குன்னு மண்டைக்குள்ள சத்தம்கூடக் கேக்கும். இதை முன்னாலயே சொல்லாட்டி, அந்த அமுக்கலையே வலின்னு நெனைச்சு அலறிருவான். அலறுனா அவன் மேல தப்பில்ல, ஒம் மேலதான்.

அந்த மரத்துப்போற மருந்து வந்த கதை ஒனக்குத் தெரியுமா? டவுன் லைப்ரரியில படிச்சேன். சுவீடன் தேசத்துல பார்லிப் பயிர்ல கெடைக்கிற ஒரு சரக்கை ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தாக. அதே கணக்கா ஒண்ணைச் செய்யப் போயி, எர்ட்மன்ங்கிறவரு அதை நாக்குல வச்சுப் பாத்தா, நாக்கும் உதடும் மரத்துப்போச்சாம். நம்ம கிராம்பைக் கடிச்சா ஆகுமே, அப்படி. அந்தத் தடத்தைப் புடிச்சுப் போயித்தான் 1943ல லோஃப்கிரேன்ங்கிறவரு லிக்னோகெயினைச் செஞ்சாரு. கூட இருந்த லுண்ட்குவிஸ்ட் அதைத் தன் ஒடம்புலயே குத்திப் பாத்தாராம். அதுக்கும் நூறு வருசம் முந்தி, 1844ல, அமெரிக்காவுல ஹொரேஸ் வெல்ஸ்னு ஒரு பல் டாக்டரு சிரிப்பு வாயுவை மோந்துட்டுத் தன் பல்லையே புடுங்கவிட்டுப் பாத்திருக்காரு. அவுகல்லாம் ஊருக்காகத் தன்னையே குத்திக்கிட்டாக. ஒனக்கு வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கவே கால் நடுங்குதுங்க.

கன்னுக்குட்டிக்கு மூக்கு குத்துறது ஞாவகம் இருக்கா? நம்ம மயிலைக்கு நான் குத்துனப்ப நீ வரப்புல நின்னு கண்ணைப் பொத்திக்கிட்ட. அதுக்கு முந்தி நாலு நாள் நான் என்ன செஞ்சேன்னு நீ பாக்கல. தீவனம் வைக்கும்போதெல்லாம் மூக்கைத் தடவிக்கொடுப்பேன். கயித்தைக் கொண்டுபோயி மோந்து பாக்க விடுவேன். அது நக்கும், தும்மும், சரி இதுவும் நம்ம வீட்டுச் சாமான்தான்னு விட்டுரும். அஞ்சாம் நாள் ஒரே குத்து, கதை முடிஞ்சுது. இதையே அடல்ஸ்டன்ங்கிறவரு 1959ல, சொல்லு, காட்டு, செய்யின்னு பல் டாக்டர்மாருக்கு எழுதி வச்சிருக்காரு. வாய்ல தண்ணி உறிஞ்சுற குழாயை மொதல்ல பய உள்ளங்கையில வச்சுக் காட்டச் சொல்லு. நாற்காலியை ரெண்டு தரம் ஏத்தி எறக்கச் சொல்லு. ஊசியை மட்டும் மூஞ்சிக்கு நேரா ஆட்டிக் காட்ட வேண்டாம், கன்னுக்கு நானும் குத்தூசியைக் காட்டல.

கை ஒப்பந்தம் ஒண்ணு போட்டுக்கிடச் சொல்லு. தாங்க முடியலேன்னா அவன் இடது கையைத் தூக்கணும், தூக்குனா டாக்டரம்மா நிறுத்தணும். சும்மா சோதிச்சுப் பாக்கதுக்குன்னே ரெண்டு தரம் தூக்குவான், தூக்கட்டும். தூக்கியும் நிறுத்தலேன்னா அது எங்க மாமா ஜவுளிக்கடைதான்.

எப்பம் சொல்லணும்னா, இன்னைக்குச் செவ்வாய். நாளைக்குச் சாயங்காலம், படுக்கப்போற நேரத்துல இல்ல, வெளையாடிட்டு வந்து உக்காந்திருக்கும்போது சொல்லு. ஒரு மாசம் முந்திச் சொன்னா மாசம் பூராம் கெட்ட கனவு. வாசல்ல வச்சுச் சொன்னா வாசல்லயே படுத்துக்கிடுவான். கேள்வி கேட்டா பதில் சொல்லு, கேக்காததை அளக்காத.

லஞ்சம் பேசாத. சைக்கிள் வாங்கித் தாரேன்னு மாப்பிள்ளை சொல்லியிருக்காராமே. பய என்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? "தாத்தா, தடுப்பூசிக்கு மிட்டாய்தான் தந்தாங்க. இதுக்குச் சைக்கிளுன்னா எவ்வளவு பெருசா இருக்கும்!" கணக்குல புலி. மிட்டாய்க்கும் சைக்கிளுக்கும் நடுவுல அவன் வலியை அளந்துட்டான். முடிஞ்ச பொறவு ஐஸ்கிரீம் உண்டுன்னு மட்டும் சொல்லு, அது வைத்தியத்துலயே சேத்தி.

ஒங்க மாமியா ரெண்டு தீர்ப்பு சொல்லியிருப்பாகளே? ஒண்ணு, அது அதிஷ்டப் பல்லு, எடுக்காதீங்கன்னு. ரெண்டு, மேல்வாய்ப் பல்லை எடுத்தா கண்ணு மங்கிரும்னு. கண்ணுக்குப் பாக்குற நரம்பு வேற, பல்லுக்கு வலிக்கிற நரம்பு வேறன்னு சொன்னா சம்பந்தியம்மா ஒத்துக்கிட மாட்டாக. இதைச் சொல்லு: எங்கப்பாவுக்கு மேல்வாயில அஞ்சு பல்லு போச்சு, ஆனாலும் நீங்க சீர்வரிசைப் பாத்திரத்துல ஒண்ணை மாத்தி வச்சது அவருக்குக் கண்ணுல பட்டுட்டுன்னு.

அன்னைக்குக் காலையில வெறும் வயித்தோட கூட்டிக்கிட்டுப் போகாத. மரத்துப்போற ஊசி மட்டும்தான்னா ரெண்டு இட்லி தின்னுட்டுப் போகட்டும், பட்டினியோட போனா அதுவே மயக்கம் கொடுக்கும். முழு மயக்க மருந்துன்னு சொல்லிட்டா அது வேற கதை, சோறு ஆறு மணி நேரத்துக்கு முந்தி, தண்ணி ரெண்டு மணி நேரத்துக்கு முந்தி நின்னுரணும், அவுக சொன்னதுதான் சட்டம். இழுப்பு, சளி, காய்ச்சல், மருந்து ஒத்துக்கிடாதது, அடிபட்டா ரத்தம் லேசுல நிக்காதது, நெஞ்சுல ஏதாவது கோளாறு, எதுவா இருந்தாலும் டாக்டரம்மாகிட்ட ஒளிக்காமச் சொல்லு.

உள்ள ஆரு போகணும்? அழாத ஆளு போகணும். மாப்பிள்ளை வண்டிக்குக் காவல் இருக்கட்டும், அதுவும் ஒரு வேலைதான். நீ போனா அவன் கால்மாட்டுல உக்காந்து காலைப் புடிச்சுக்கோ. "பயப்படாத, பயப்படாத"ன்னு சொல்லாத. அதுல இருக்க பயம்ங்கிற வார்த்தைதான் காதுல விழும், படாதங்கிறது விழாது. அழுதா அழட்டும். வாயைத் தெறந்து வச்சுக்கிட்டு அழுதா வேலைக்கு இடைஞ்சல் இல்ல.

முடிஞ்ச பொறவுதான் ஒனக்கு வேலை. பஞ்சைக் கடிச்சுக்கிட்டு அரைமணி நேரம் இருக்கணும். எச்சியை முழுங்கணும், துப்பப்படாது. நம்ம சனத்துக்குத் துப்பலேன்னா மூச்சு முட்டும், ஆனா அந்த ஓட்டையில உறையிற ரத்தம்தான் புண்ணுக்கு மூடி. துப்பித் துப்பி அதைப் பேத்துராதீங்க. உறிஞ்சு குழாயும் ஆகாது. ஐஸ்கிரீமைக் கரண்டியில கொடு, சூடா எதுவும் வேண்டாம். உதடு மரத்து ரெண்டு மூணு மணி நேரம் இருக்கும், அந்த நேரத்துல மிட்டாய் மாதிரி உதட்டையே மென்னு புண்ணாக்கிக்கிடுவான், பிள்ளைகளுக்கு இது வழக்கம். பல்லை எடுத்தது பத்து நிமிசம், உதட்டைக் காவல் காக்கது மூணு மணி நேரம். வலி மருந்து பிள்ளை எடைக்குத் தக்கன டாக்டர் எழுதுனது மட்டும்தான். ஆஸ்பிரின் பக்கமே போகாத. மாமியா காப்பித்தூளோட வந்தா காப்பி போட்டுக் கொடுத்து உக்கார வை. மறுநாள்ல இருந்து வெதுவெதுப்பா உப்புத்தண்ணி, லேசாக் கொப்புளிச்சா போதும். ரத்தம் நிக்கலேன்னாலோ, காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் ஏறிக்கிட்டே போனாலோ எனக்குப் போன் போடாத, டாக்டரம்மாவுக்குப் போடு.

அந்தப் பல்லைக் கேட்டு வாங்கிக்கோ. பொட்டணம் கட்டி லீவுக்கு வரும்போது கொண்டாங்க. எட்டாவது மாடியில கூரைக்கு எங்க போவீங்க, கீழ நிக்கிற எவன் காரு மேலயாவது விழுந்து வம்பாகும். இங்க ஓட்டு வீடு இருக்கு. சாணிக்கு நான் பொறுப்பு. உருட்டி எறியிறதுக்குப் பய ரெடியாத்தான் இருக்கான்.

போனை வைக்கதுக்கு முந்தி ஒண்ணு. நேத்து நாலாவதாவும் ஒரு கேள்வி கேட்டான். "தாத்தா, நீங்க எப்பப் பேசுனாலும் கிராம்பு மெல்லுதீங்களே, கடவாய்ப்பல்லுக்கு எப்பம் டாக்டர்கிட்டப் போவீங்க?"ன்னான். வாசனைக்கு மெல்லுதேன்டேன்னு சொல்லி வச்சிருக்கேன். கேட்டா நீயும் அதையே சொல்லு.