லீவு நாளில் ஒரு புரட்சி

வால் ஸ்ட்ரீட்டை முற்றுகையிட நாள் குறித்தவர்கள் பஞ்சாங்கம் பார்த்தார்களோ இல்லையோ, காலண்டரைப் பார்க்கவில்லை. 2011 செப்டம்பர் 17 சனிக்கிழமை. பங்குச் சந்தைக்கு லீவு. யாரைத் திட்ட ஊர் ஊராகக் கிளம்பி வந்தார்களோ, அவர்களில் ஒருவர்கூட ஆபீசில் இல்லை.

தேதியைக் குறித்தது நியூயார்க்காரர்கள்கூட இல்லை. கனடாவின் வான்கூவரிலிருந்து வரும் ‘ஆட்பஸ்டர்ஸ்’ என்ற பத்திரிகை. விளம்பரம் என்றாலே ஆகாது என்பதுதான் அதன் கொள்கை. ஆனால் இந்தப் புரட்சிக்கு அது போட்ட விளம்பரம் மட்டும் பிரமாதம்: வால் ஸ்ட்ரீட்டின் பாயும் காளைச் சிலை மேல் ஒற்றைக்காலில் நிற்கும் ஒரு பாலே நடனக்காரி, நம் ஒரே கோரிக்கை என்ன என்று ஒரு கேள்வி, கூடாரம் எடுத்து வரச் சொல்லி ஒரு உத்தரவு. செப்டம்பர் 17 பத்திரிகை ஆசிரியர் கல்லே லாஸ்னுடைய அம்மாவின் பிறந்தநாள். (நமக்கு அது பெரியார் பிறந்தநாள். கலகத்துக்கு ராசியான தேதிதான் என்று சொல்லலாம். சொன்னால் ராசி என்ற சொல்லுக்காகப் பெரியாரிடமே அடி வாங்க வேண்டியிருக்கும்.)

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2008ல் வங்கிகள் வீட்டுக்கடனை வைத்துச் சூதாடித் தோற்றன. அவற்றைக் கரையேற்ற அமெரிக்க அரசு 70,000 கோடி டாலர் ஒதுக்கியது. மக்கள் பணத்தில் பிழைத்து எழுந்த ஏஐஜி இன்சூரன்ஸ் கம்பெனி, மறுவருடமே தன் ஆட்களுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்தது. சூதாடியவருக்குப் போனஸ், தவணை கட்ட முடியாதவர் வீட்டுக்கு ஏலம்.

சனிக்கிழமை வந்த கூட்டம் முதலில் காளைச் சிலையைத்தான் குறிவைத்தது. போலீஸ் முந்திக்கொண்டு காளையைச் சுற்றி இரும்புத் தடுப்பு போட்டுவிட்டது. இந்தக் காளையின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1989 டிசம்பரில் ஒரு ராத்திரி, ஆர்டுரோ டி மோடிகா என்ற சிற்பி யாரிடமும் அனுமதி கேட்காமல் லாரியில் ஏற்றிவந்து பங்குச் சந்தை வாசலில் இறக்கிவிட்டுப் போன சிலை அது. சுத்தமான ஆக்கிரமிப்பு. அன்றைக்கே அப்புறப்படுத்தினார்கள், ஜனங்கள் கேட்டதால் கொஞ்சம் தள்ளி ஓரிடத்தில் வைத்தார்கள், அங்கேயே நின்றுவிட்டது. ஆக, ஒரு பழைய ஆக்கிரமிப்பாளரைப் புது ஆக்கிரமிப்பாளர்களிடமிருந்து காப்பாற்றுவதற்குத்தான் அவ்வளவு பந்தோபஸ்து.

காளை கிடைக்காத கூட்டம் பக்கத்திலிருந்த சுக்கோட்டி பூங்காவில் போய் உட்கார்ந்தது. அதிர்ஷ்டம் அங்கேதான் அடித்தது. சென்னையில் எஃப்எஸ்ஐ, ஓஎஸ்ஆர் நிலம் என்று கேள்விப்பட்டவர்களுக்கு உடனே புரியும். 1960களில் ஒரு எஃகு கம்பெனி, பக்கத்துக் கட்டடத்தைச் சட்டம் விட்டதைவிட உயரமாகக் கட்டிக்கொள்ள மாநகராட்சியிடம் சலுகை வாங்கியது. பதிலுக்குப் பொதுமக்களுக்கு ஒரு திறந்தவெளி கொடுத்தது. நிலம் தனியாருடையது, பயன்பாடு பொதுவானது. மாநகராட்சிப் பூங்கா என்றால் ராத்திரி பூட்டிவிட்டுக் கிளம்பு என்று சொல்லலாம். இதையோ 24 மணி நேரமும் திறந்து வைத்தாக வேண்டும். பணக்காரக் கம்பெனி கூடுதல் மாடிக்கு ஆசைப்பட்டதால்தான் பணக்காரர்களுக்கு எதிரான போராட்டத்துக்குப் படுக்க இடம் கிடைத்தது.

இடம் கிடைத்ததும் ஜனநாயகம் ஆரம்பமானது. தலைவர் கிடையாது, தினமும் பொதுச்சபை. சம்மதம் என்றால் இரண்டு கை விரல்களையும் மேலே தூக்கி ஆட்ட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் கீழே தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். யாராவது ஒருவர் மார்பில் கைகளைக் குறுக்கே வைத்தால் தீர்மானம் நடுத்தெருவில் நின்றுவிடும். மைக் வைக்க லைசென்ஸ் கிடையாது. அதனால் பேசுபவர் நாலு சொல் சொல்வார், கூட்டம் அந்த நாலு சொல்லையும் உரக்கத் திருப்பிச் சொல்லும், பின்வரிசை கேட்டுக்கொள்ளும். நிறுத்தத் தெரியாமல் பேசக்கூடிய தத்துவவாதி ஸ்லாவோய் ஜிஜெக்கே வந்து இப்படித் துண்டு துண்டாகப் பேசிவிட்டுப் போனார். இதை நம் ஊர் மேடைகளில் கட்டாயமாக்கினால், வரவேற்புரையில் பெயர்களை வாசித்து முடிப்பதற்குள் தலைவருக்கு அடுத்த ஊர் கூட்டம் தவறிவிடும்.

சபையால் அடக்க முடியாத ஒரே சக்தி, மேளம். ஒரு மூலையில் நாள் முழுக்கக் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். அக்கம்பக்கத்தார் புகார் செய்தார்கள். கொட்டும் நேரத்தைக் குறைக்கச் சொல்லித் தோழர்களே கெஞ்சினார்கள். முதலாளித்துவத்தை வீழ்த்தும் வழிமுறை பற்றிக்கூட அத்தனை சூடாக விவாதம் நடந்திருக்காது.

போராட்டத்துக்கு அசல் விளம்பரம் கொடுத்தது ஆட்பஸ்டர்ஸ் இல்லை, போலீஸ். முதல் வாரம் பெரிய டிவிக்காரர்கள் அதிகம் கண்டுகொள்ளவில்லை. செப்டம்பர் 24 அன்று, தடுப்புக்குள் சும்மா நின்றிருந்த பெண்களின் முகத்தில் ஒரு போலீஸ் அதிகாரி மிளகு ஸ்பிரே அடித்தார். வீடியோ உலகம் சுற்றியது. அவருக்குத் தண்டனை 10 நாள் லீவு வெட்டு. அடுத்த வாரம் புரூக்ளின் பாலத்தில் 700 பேருக்கு மேல் கைது. அவ்வளவுதான், ஊர் ஊராகக் கூடாரம் முளைத்தது. லண்டன்காரர்கள் பங்குச் சந்தையைப் பிடிக்கப் போய், அங்கும் வழி அடைத்திருந்ததால் செயின்ட் பால் பேராலய வாசலில் உட்கார்ந்தார்கள். ஒரு வங்கியாளரின் பதவிக்கும் ஆபத்தில்லை; பேராலயத்தில் மூன்று பாதிரியார்கள் ராஜினாமா செய்தார்கள்.

நவம்பர் 15 நடுராத்திரி தாண்டியதும், நியூயார்க் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் உத்தரவில் சுக்கோட்டியைக் காலி செய்தார்கள். வால் ஸ்ட்ரீட்டுக்குக் கம்ப்யூட்டர் பெட்டி விற்றே பெரும் பணக்காரர் ஆனவர் அவர். ‘நாங்கள் 99 சதவீதம்’ என்று கூவியவர்களை, மிச்சமிருந்த 1 சதவீதத்தின் உச்சாணிக் கிளையிலிருந்து ஒருவர் கிளப்பிவிட்டார். முகாமின் நூலகத்தில் 5,000 புத்தகத்துக்கு மேல் இருந்தன. அள்ளிக்கொண்டு போனதில் பெரும்பாலானவை நாசம். கேஸ் நடந்து 2013ல் சமரசம்: புத்தகங்களுக்கு 47,000 டாலர், வக்கீல் ஃபீஸுக்கு 1,86,000 டாலர்.

பொருளாதாரத்தைக் கவிழ்த்த விவகாரத்தில் சிறை சென்ற பெரிய வங்கி அதிகாரி அமெரிக்காவிலேயே ஒருவர்தான். கிரெடிட் சுயிஸின் கரீம் செராகெல்டின், 30 மாதம். வங்கிக்காரர்களைத் திட்டியதற்குக் கைதானவர்கள் ஆயிரக்கணக்கில்.

அப்புறம் பாகப்பிரிவினை. கை ஃபாக்ஸ் என்ற பழைய ஆங்கிலேயக் கலகக்காரரின் முகமூடியைப் போராட்டக்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள்; ஒன்று விற்றபோதெல்லாம் அதில் ராயல்டி, அதைப் படத்தில் காட்டிய டைம் வார்னர் கம்பெனிக்குப் போனது. ராப் பாடகர் ஜே-ஸியின் ரோகாவேர் கம்பெனி போராட்டப் பெயரைக் கொஞ்சம் மாற்றிப் போட்டு டி-ஷர்ட் அடித்தது, லாபத்தில் பங்கெல்லாம் இல்லை என்றும் சொல்லிவிட்டது. 2014ல் தோழர்கள் ஒருவர் மேல் ஒருவர் கோர்ட்டுக்குப் போனார்கள். குற்றச்சாட்டு: இயக்கத்தின் ட்விட்டர் கணக்கை ஒருவரே ஆக்கிரமித்துவிட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். முடியவில்லை. 2012 அக்டோபரில் சாண்டி புயல் அடித்தபோது, பழைய கூடாரக்காரர்கள்தான் சோற்றுப் பானையோடு முதலில் இறங்கியவர்களில் இருந்தார்கள். போர்வையும் டார்ச்சும் சேகரிக்க அமேசானில் கல்யாணப் பரிசுப் பட்டியல் ஒன்றைத் திறந்தார்கள். பெண் மாப்பிள்ளை இல்லாமல் மொய் மட்டும் குவிந்தது. முன்பு இவர்களை வேவு பார்த்த உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே, இவர்களிடம் பாடம் கற்க வேண்டும் என்கிற தொனியில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட வைத்தது.

அதைவிடக் குறும்பான வேலை அதே வருடம் நவம்பரில் நடந்தது. அமெரிக்காவில் வராக்கடனை ஆஸ்பத்திரிகளும் வங்கிகளும் அடிமாட்டு விலைக்கு விற்றுவிடும். வாங்கியவன் கடனாளியிடம் முழுத்தொகைக்கும் கழுத்தைப் பிடிப்பான். போராட்டக்காரர்கள் அதே சந்தையில் போய்க் கடனை வாங்கினார்கள். வாங்கி, இனி நீங்கள் எதுவும் தர வேண்டாம் என்று கடனாளிகளுக்குக் கடிதம் போட்டார்கள். வசூலான சுமார் 7 லட்சம் டாலரில் ஒழித்த கடன் ஏறக்குறைய 3 கோடியே 20 லட்சம் டாலர். இதைப் பார்த்துக் கடன் வசூல் தொழிலில் இருந்த இரண்டு பேர் மனம் மாறி, 2014ல் இதற்கென்றே ஒரு தொண்டு நிறுவனம் ஆரம்பித்தார்கள். அது இன்றுவரை அழித்த மருத்துவக் கடன் ஆயிரம் கோடி டாலரைத் தாண்டும். பழைய கடனை அழிப்பதால் கடனாளியின் கையிருப்போ மனநிலையோ பெரிதாகத் தேறவில்லை என்று 2024ல் பொருளாதார நிபுணர்கள் ஆராய்ந்து சொன்னார்கள். வசூல்காரனின் போன் நின்ற நிம்மதியை எந்தப் பத்தியில் எழுதினார்கள் என்று தேட வேண்டும்.

கூடாரக் காலத்தில் எல்லோரும் இவர்களைக் கேட்டது ஒன்றே ஒன்று: உங்களுக்கு என்னதான்யா வேண்டும்? ஆட்பஸ்டர்ஸ் மட்டும் பொறுக்க முடியாமல், நிதிப் பரிவர்த்தனைகளுக்கு 1 சதவீதம் வரி போடுங்கள் என்று அந்த அக்டோபரிலேயே சொல்லிப் பார்த்தது. 2020 பிப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளராக நிற்க முயன்ற ஒருவர், நிதிப் பரிவர்த்தனைகளுக்கு 0.1 சதவீத வரி போடுவேன் என்று அறிவித்தார். அவர் பெயர் மைக்கேல் புளூம்பெர்க். சொந்தக் காசில் 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். ஜெயித்தது, பசிபிக் கடலில் இருக்கும் அமெரிக்கன் சமோவாவில் மட்டும். அங்கே அவருக்கு விழுந்த ஓட்டு 200கூட இல்லை.